எந்திரத்தின் தாகம்

நம் முன்னோர் நீருக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று தண்ணீர். தண்மை உடைய நீர் தண்ணீர். அனலேற்றினால் அதுவே வெந்நீர். நீரின் இயல்பான நிலை குளிர்ச்சியே என்றும், வெம்மை அதற்குப் பிறர் ஏற்றிய சுமை என்றும் கருதிய ஒரு மக்களினத்தின் சொல்லாட்சி இது. இச்சொல்லாட்சியை இன்றைய இயற்பியலும் மறுப்பதில்லை. ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடேற்ற 4.18 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகி நீராவதற்கு 334 கிலோஜூல் வேண்டும். கொதிநிலையை அடைந்த ஒரு கிலோகிராம் நீர் முழுவதும் ஆவியாவதற்கோ 2,257 கிலோஜூல் வேண்டும். எந்திரங்களைக் குளிர்விக்க மனிதன் கண்ட வழிகளுள் பெரும்பாலானவை இம்மூன்று எண்களுக்குள் அடங்கும்.

அவ்வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயம் ஒன்று பனிநாடுகளில் எழுதப்பட்டு வருகிறது. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிப் பனிச்சறுக்குப் பலகையையும், பின்சக்கரத்தைக் கழற்றிச் சுழல்பட்டையையும் பொருத்திப் பனிமலை ஏறுகின்றனர். அதோடு நில்லாமல், அதன் ரேடியேட்டர்களையும் நீக்கிவிட்டுச் சுழல்பட்டைக்கு மேலே டன்னல் கூலர் என்னும் குளிர்விப்பானை வைக்கின்றனர். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று வாசகர் வினவலாம். வெப்பத்தை எங்கே கொண்டுபோய் விடுவது என்னும் கேள்வி பனிநாட்டாருக்கு மட்டும் உரியதன்று. நம் ஜாலான் புசார் வட்டாரம் அக்கேள்விக்கு நூறாண்டுக்கு மேலாக விடை சொல்லி வந்திருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

சேறும் எருமையும்

ஜாலான் புசார் என்பதற்கு மலாய் மொழியில் பெரிய சாலை என்று பொருள். பெயர் பெரிதாயினும் பிறப்பு எளியது. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய அந்நிலம் ஒருகாலத்தில் சதுப்பாகக் கிடந்தது. 1830களில் நோரிஸ் சகோதரர்கள் அங்கே நிலம் வாங்கினர். 1880களில் சேற்றைத் தூர்த்துச் சாலை அமைத்தனர். அருகில் இருந்த தேக்கா வட்டாரத்தில் மாட்டு வணிகம் செழித்திருந்தது. எருமைச் சாலை, கெர்பாவ் சாலை, மாட்டு வணிகர் பெலிலியோஸ் பெயரைத் தாங்கிய சாலை ஆகியவை இன்றும் அதற்குச் சான்று கூறுகின்றன. அத்தொழிலில் தமிழர் பலர் உழைத்தனர் என்பது நாம் அறிந்ததே.

எருமைகளை அவ்விடத்தில் நிலைகொள்ளச் செய்தது எது? புல்லும் நீரும் மட்டும் அல்ல, சேறும்தான். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு; கருந்தோலோ வெயிலை மிகுதியாக வாங்கும். எனவே அது சேற்றில் புரண்டெழுந்து, உடலில் ஒட்டிய ஈரம் காயும்போது வெப்பத்தை இழக்கிறது. தனக்கென ஒரு குளிர்விக்கும் கருவியைச் சுமக்காமல், தான் நிற்கும் நிலத்தையே கருவியாக்கிக்கொண்ட உயிர் அது. இதை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பனிமலையில் நாம் காணப்போகும் புதுமை, அடிப்படையில் எருமையின் வழியே ஆகும்.

கொதித்து ஓடிய வண்டி

சிங்கப்பூர் மண்ணில் முதல் மோட்டார் வண்டி 1896-ஆம் ஆண்டு ஓடியது. அது ஜெர்மானியப் பென்ஸ் வண்டி. உரிமையாளர் சிங்கப்பூரின் பழைய வரலாற்றை நூலாகத் தொகுத்த சார்லஸ் பக்லி. அது எழுப்பிய ஓசையையும் ஆவியையும் கண்ட மக்கள் அதற்குக் காப்பி எந்திரம் என்று பட்டம் சூட்டினர். அப்பட்டத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அக்காலப் பென்ஸ் எந்திரங்களில் உருளையைச் சூழ்ந்திருந்த நீர் கொதித்து ஆவியாகி வெப்பத்தைச் சுமந்து சென்றது. போன நீருக்கு ஈடாகப் புதுநீர் ஊற்ற வேண்டும். எந்திரத்தின் தாகம் அவ்வளவு பெரிது.

அத்தாகத்தைத் தணித்தவர் வில்ஹெல்ம் மேபாக். 1900-ஆம் ஆண்டின் இறுதியில் முடிவுற்ற மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் வண்டியில் அவர் தேன்கூட்டு ரேடியேட்டரை அமைத்தார். ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள 8,070 சிறு சதுரக் குழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்த பெட்டி அது. குழாய்களின் ஊடே காற்றும், அவற்றைச் சுற்றி நீரும் ஓடின. நீர் இப்போது ஆவியாகி வீணாகவில்லை. எந்திரத்தில் வெப்பத்தை ஏற்றி, ரேடியேட்டரில் இறக்கி, மீண்டும் எந்திரத்துக்குத் திரும்பியது. நீர் சுமை தூக்கும் கூலியாளாகவும், காற்று சுமையை வாங்கும் கடலாகவும் ஆயின. நாம் இன்று ரேடியேட்டர் என்று சொல்வதன் இலக்கணம் அன்று வகுக்கப்பட்டதே.

1920களில் நம் தெருக்களில் ஏழு பேர் அமரும் கொசுப் பேருந்துகள் பறந்தன. அவற்றுள் பலவும் ஃபோர்டு நிறுவனத்தின் டி வகை வண்டியின் அடிச்சட்டத்தின்மேல் கட்டப்பட்டவை. அவ்வண்டியில் நீரைச் சுழற்றப் பம்பு கிடையாது. சூடான நீர் மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயற்கை விதியே அதன் பம்பு. எளிமையில் அது ஓர் அற்புதம். ஆனால் நீர்மட்டம் தாழ்ந்தால் சுழற்சி நின்றுவிடும். தமிழகத்தில் ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் பேருந்தை ஓட்டத் தொடங்கிய காலமும் இதுவே. மலைப்பாதை ஏறும் பேருந்துகள் இடைவழியில் நின்று, மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, வாளியில் நீர் ஊற்றிக்கொண்டு புறப்பட்ட காட்சி பழைய தலைமுறைக்குப் பழகியது.

பட்டறைக் கை

ரேடியேட்டர் பிறந்தவுடன் அதற்கு வைத்தியம் பார்ப்பவனும் பிறந்தான். ஜாலான் புசாரிலும் அதன் கிளைத் தெருக்களிலும் உதிரிப்பாகக் கடைகளும் இரும்புச் சாமான் கடைகளும் பழுதுபார்க்கும் பட்டறைகளும் நிறைந்தன. அருகில் சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தையோ 1930களில் தொடங்கி 2017 ஜூலை 10-ஆம் நாள் மூடப்படும் வரை, பிறர் கழித்த பொருளுக்கு மறுபிறவி அளித்து வந்தது. புதுப் பொருள் வாங்க இயலாதவனுக்கும் பழைய பொருளின் உயிரை அறிந்தவனுக்கும் இவ்வட்டாரமே பல்கலைக்கழகம்.

பழைய ரேடியேட்டர் செம்பாலும் பித்தளையாலும் ஆனது. ஒழுகும் ரேடியேட்டர் பட்டறைக்கு வந்தால் தொழிலாளி முதலில் அதன் வாய்களை அடைத்து நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் காற்றைச் செலுத்துவார். குமிழி எழும் இடமே பழுதின் இடம். பின்பு மேல்தொட்டியை அனலால் இளக்கிக் கழற்றி, மெல்லிய தகட்டுக் கம்பியைக் குழாய்தோறும் செருகி, படிந்த உப்பையும் துருவையும் சுரண்டி எடுப்பார். ஓட்டை சிறிதாயின் ஈயம் வைத்துப் பற்றுவார். குழாய் முழுதும் கெட்டிருந்தால் அதன் இருமுனைகளையும் அடைத்துவிட்டு, எஞ்சிய குழாய்களைக்கொண்டே வண்டியை ஓடச் செய்வார். எத்தனை குழாய்களை அடைக்கலாம், எத்தனைக்கு மேல் அடைத்தால் எந்திரம் கொதிக்கும் என்பதற்கு அவரிடம் நூல் இல்லை. கை அறியும், கண் அறியும்.

1970களிலிருந்து அலுமினியக் குழாய்களும் பிளாஸ்டிக் தொட்டிகளும் கொண்ட ரேடியேட்டர்கள் பரவின. அவை இலேசானவை, மலிவானவை. ஆனால் பிளாஸ்டிக்கில் ஈயம் ஒட்டாது. பழுதானால் கழற்றி எறிந்து புதியது மாட்டுவதே வழக்கமாயிற்று. அதனால் ஒரு கைத்தொழிலின் அடித்தளம் சரிந்தது. பட்டறைகள் பல தொழிற்பேட்டைகளுக்கு இடம்பெயர்ந்தன. முதியவர்கள் ஓய்வு பெற்றனர். ஒரு பொருளின் வடிவம் மாறும்போது அதனோடு பிணைந்த அறிவும் மறைகிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

தோலே குளிர்விப்பான்

ரேடியேட்டரை நீக்கிவிட வேண்டும் என்னும் ஆசை பனிமோட்டார்க்காரர்களுக்கு மட்டும் தோன்றியதன்று. வானூர்தி வல்லுநர்களுக்கு அது முன்பே தோன்றியது. ரேடியேட்டர் காற்றை எதிர்த்து நிற்கிறது, வேகத்தைக் குறைக்கிறது. ஷ்னைடர் கோப்பைக்கான நீர்வானூர்திப் பந்தயங்களுக்கு ஆர்.ஜே. மிட்செல் வடிவமைத்த சூப்பர்மரீன் வானூர்திகளில் இறக்கையின் மேல்தோலே குளிர்விப்பானாக்கப்பட்டது. பின்வந்தவற்றில் மிதவைகளின் தோலும் அப்பணியில் சேர்ந்தது. அவற்றுள் எஸ் 6பி என்பது 1931 செப்டம்பர் 29-ஆம் நாள் மணிக்கு 407.5 மைல் வேகத்தில் பறந்து உலகச் சாதனை படைத்தது.

ஆனால் பந்தயத்துக்கு ஏற்றது போருக்கும் ஏற்குமா? 1934-இல் மிட்செல் அமைத்த ஒரு போர்வானூர்தியில் கொதிநீரின் ஆவியை இறக்கைக்குள் செலுத்திக் குளிர்விக்க முயன்றனர். எந்திரம் ஓயாமல் சூடேறியது, முயற்சி தோற்றது. அவரே அடுத்துப் படைத்த ஸ்பிட்ஃபயர் 1936-இல் பறந்தபோது, இறக்கையின் அடியில் ஒரு கூட்டுக்குள் அமைந்த ரேடியேட்டருக்கே திரும்பியிருந்தார். இறக்கை முழுவதும் நீர் பரந்திருந்தால் ஒரு குண்டு பட்டாலே உயிர்நீர் ஒழுகிவிடும் என்னும் அச்சமும் அவ்வகைக் குளிர்விப்புக்கு எதிராக நின்றது. அந்த ஸ்பிட்ஃபயர்களுள் ஒன்றே 1954 ஏப்ரல் முதல் நாள் நம் சிலேத்தாரிலிருந்து எழுந்து, பிரிட்டிஷ் அரச வானூர்திப் படையில் அவ்வகையின் இறுதிப் பணிப்பறப்பை முடித்தது. எந்திரத்தின் தேவையை அது செல்லும் இடமும் ஆற்றும் பணியும் தீர்மானிக்கின்றன என்பதே இதனால் பெறப்படும்.

பனியில் பிறந்த துயரம்

குளிர்ச்சியைத் தேடி மனிதன் பனிக்கட்டியையே கடல் கடத்திய காலமும் உண்டு. அமெரிக்க வணிகர் ஃபிரெடரிக் டியூடர் மாசச்சூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டிகளைக் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார். 1842-இல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் அவற்றுக்கென எழுந்த கட்டடத்தை ஐஸ் ஹவுஸ் என்றே மக்கள் அழைத்தனர். சிங்கப்பூரிலும் 1854-இல் வாம்போவா என வழங்கிய ஹூ ஆ கேய் பனிக்கட்டிக் கிடங்கு தொடங்கினார். நமக்குப் பனி விலைபொருள். பனிநாட்டாருக்கோ அதுவே சிறை.

அச்சிறையின் கொடுமையை அறிந்தவர் கனடாவின் கியூபெக் மாநிலத்து வால்கோர்ட் ஊரைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியர். 1934-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்நோயால் துடித்தான். பாதைகளைப் பனி மூடியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வாகனம் இல்லாமல் குழந்தை இறந்தது. இளமை முதலே பனியில் ஓடும் வண்டியைக் கனவு கண்ட அந்தப் பட்டறைக்காரர், பல்சக்கரத்தால் இழுபடும் சுழல்பட்டை அமைப்புக்கு 1937-இல் உரிமம் பெற்றார். மருத்துவரும் அஞ்சல்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறிச் சென்ற வண்டிகள் அவர் பட்டறையிலிருந்து வந்தன. 1959-இல் ஒருவர் இருவர் ஏறத்தக்க சிறிய ஸ்கி-டூ வெளிவந்தது. இன்று இந்திய இராணுவத்தினர் சியாச்சின் பனியாற்றில் பனி ஸ்கூட்டர்களைப் பயன்படுத்துகின்றனர். ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் 2016 பிப்ரவரி 3-ஆம் நாள் பனிச்சரிவில் புதையுண்ட மெட்ராஸ் படைப்பிரிவு வீரர் பதின்மருள் தமிழகத்து மைந்தரும் இருந்தனர். பனி நமக்கு அயலான செய்தி அன்று.

தொடக்ககாலச் சிறு பனி ஊர்திகளின் எந்திரங்கள் காற்றால் குளிர்ந்தன. ஆற்றல் பெருகவே 1970களில் நீர்வழிக் குளிர்விப்பு வந்தது. அங்கே வடிவமைப்பாளர் முன்புறம் பெரிய ரேடியேட்டரை நிறுத்தவில்லை. சுழல்பட்டையின்மேல் கவிந்திருக்கும் உலோகக் கூரைக்கு டன்னல் என்று பெயர். பட்டை சுழலும்போது பனித்தூள் அக்கூரையின் அடிப்புறத்தில் ஓயாமல் மோதும். அவ்விடத்தில் அலுமினியத்தாலான நீர்ப்பாதையைப் பொருத்தினால் மோதும் பனி உருகும். உருகும்போது வெப்பத்தை எடுத்துச்செல்லும்.

ரேடியேட்டர் விடைபெற்ற கதை

பனி மோட்டார் சைக்கிளின் பிறப்பு வேறு. அது மண்மேட்டுப் பந்தய மோட்டார் சைக்கிளின் உடலில் ஒட்டப்பட்ட பனிக்கால். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து டிம்பர்ஸ்லெட் நிறுவனம் இத்தகைய மாற்றுக்கருவிகளால் பெயர் பெற்றது. 2015-இல் பொலாரிஸ் நிறுவனம் அதனை வாங்கியது. கால்கள் பனிக்கு மாறின. நுரையீரல் மட்டும் மண்ணுக்கு உரியதாகவே நின்றது. எந்திரத்தின் இருபுறமும் இரு சிறு ரேடியேட்டர்கள் காற்றை எதிர்நோக்கியபடி இருந்தன.

குளிர்நாட்டில் குளிர்விப்பதற்கு என்ன தொல்லை என்று தோன்றலாம். தொல்லை இரு திசையிலும் வந்தது. சமவெளியில் விரைந்து ஓடும்போது உறைகாற்று ரேடியேட்டரை அளவுக்கு மீறிக் குளிர்வித்தது. எந்திரம் உரிய சூட்டை எட்டவில்லை. அதனால் ஓட்டுநர்கள் ரேடியேட்டரை ஒட்டுநாடாவாலும் அட்டையாலும் மூடினர். ஆழ்பனியில் மெல்ல ஏறும்போதோ எந்திரம் முழு ஆற்றலையும் செலவிட, காற்றோட்டம் குறைந்தது, தூளாகிய பனி ரேடியேட்டர் இதழ்களுக்கிடையே அடைத்துக்கொண்டது, நீர் கொதித்தது. மேலும் மரத்தில் மோதினாலோ கவிழ்ந்தாலோ முதலில் நசுங்குவதும் அதுவே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மலையேறும் எந்திரம் நீர்வழியே வினாடிக்கு 15 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்று கொள்வோம். காற்று 40 பாகை சூடேறும்படி அதைச் செய்ய, நிமிடத்துக்கு ஏறத்தாழ 22 கிலோகிராம் காற்று, அதாவது பதினேழு கனமீட்டர் அளவு, ரேடியேட்டரின் ஊடே பாய வேண்டும். பனி உருகுவதால் மட்டும் அதைச் செய்ய, நிமிடத்துக்கு 2.7 கிலோகிராம் பனி போதும். ஆழ்பனியில் சுழல்பட்டை வாரி இறைக்கும் பனி அதைவிடப் பன்மடங்கு மிகுதி. இந்தக் கணக்கே ரேடியேட்டருக்கு விடைகொடுத்தது.

ஆயினும் மாற்றுவது எளிதன்று. எந்திரத்தின் பக்கத்தில் இருந்த குளிர்விப்பான் பின்னே போவதால் குழாய்கள் நீள்கின்றன. நீரின் அளவு கூடுகிறது. பம்பு அதனைத் தள்ளியாக வேண்டும். ரேடியேட்டரோடு அதன் அழுத்தமூடியும் போய்விடுகிறது. எனவே முழுச் சுற்றுக்கும் உயரமான இடத்தில் மூடியுள்ள சிறு தொட்டி ஒன்று வைத்தல் வேண்டும். இல்லையேல் உள்ளே சிக்கிய காற்றுக்குமிழி நீரோட்டத்தை நிறுத்திவிடும். நீரோடு கிளைக்கால் கலக்காவிடில் இரவில் உறைந்து குழாய் வெடிக்கும். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 37 பாகை வரை உறையாது. எந்திரம் மிகையாகக் குளிராதவாறு காக்க வெப்பநிலைக் கதவும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை உண்டு. பனித்தூள் இருக்கும் வரைதான் டன்னல் கூலர் வேலை செய்யும். இறுகிய பனிக்கட்டியின்மீதோ பனியற்ற சாலையிலோ ஓட்டினால் கூரையில் மோத ஒன்றும் இல்லை. சில நிமிடங்களில் எந்திரம் கொதிக்கும். அதற்கும் எளிய தீர்வு கண்டனர். வண்டியின் அடியில் வளையும் எஃகுக் கம்பிகளைத் தொங்கவிட்டுப் பனிக்கட்டியைக் கீறச் செய்தால், கீறிய தூள் பட்டையால் மேலே எறியப்படும். செருப்புத் தைப்பவர் ஊசியைப்போல் எளிய கருவி. ஆனால் எந்திரத்தின் உயிர் அதன் முனையில் நிற்கிறது.

வரலாறு உணர்த்துவது

ரேடியேட்டர் எல்லா நாட்டுக்கும் பொதுவான கருவி. காற்றுள்ள இடமெல்லாம் அது பிழைக்கும். டன்னல் கூலர் ஒரு நிலத்துக்கே உரிய கருவி. பனியை நம்பிப் பிறந்து, பனி இல்லாத இடத்தில் இறக்கும். முன்னது எல்லா ஊரிலும் விருந்தாளி. பின்னது ஓர் ஊரின் குடிமகன். இவற்றுள் எது உயர்ந்தது என்று வினவுவது பொருந்தாது. எந்த நிலத்தில் எந்தப் பணி என்று கேட்பதே முறை. ரோச்சோர்ச் சேற்றில் புரண்ட எருமையும், ரேடியேட்டருக்குத் திரும்பிய மிட்செலும் இந்த ஒரே விதிக்கு இருவேறு விளக்கங்கள்.

வெப்பம் அழிவதில்லை, கைமாறுகிறது. எந்திரத்திலிருந்து நீருக்கும், நீரிலிருந்து காற்றுக்கோ பனிக்கோ அது செல்கிறது. நம் நகரின் குளிரூட்டிகள் அறையிலிருந்து எடுத்த வெப்பத்தைத் தெருவில்தான் விடுகின்றன. மரீனா பேயில் 2006-இல் தொடங்கிய வட்டாரக் குளிரூட்டலில், தனித்தனிக் கட்டடங்களின் குளிர்விப்பான்களுக்கு மாற்றாக, ஓரிடத்தில் குளிர்ந்த நீர் நிலத்தடிக் குழாய்களின் வழியே பல கட்டடங்களுக்கும் செல்கிறது. குளிர்விப்பானை வேறிடம் மாற்றும் சிந்தனை பனிமலைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு நம் வாசலிலேயே சான்று இருக்கிறது.

மாற்றங்களைச் செய்தவர்கள் யார் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேபாக், மிட்செல், பொம்பார்டியர் ஆகியோரின் பெயர்கள் நூலில் நிலைத்தன. குழாயை அடைத்து வண்டியை வீட்டுக்கு அனுப்பிய பட்டறைத் தொழிலாளியின் பெயர் எங்கும் இல்லை. பனிமலையில் ரேடியேட்டரைக் கழற்றத் துணிந்தவனும் இங்கே ஈயம் பற்றியவனும் ஒரே மரபினர். எழுதிவைத்த விதியைவிடக் கண்முன் கொதிக்கும் நீரை நம்பியவர்கள் அவர்கள். ஜாலான் புசார் வட்டாரத்தில் அம்மரபின் முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கலாம். அவர்கள் வழங்கிய தொழிற்சொற்களையும், அறிந்த நுணுக்கங்களையும் கேட்டுப் பதிந்துவைப்பது எழுத்தாளரின் கடமை. கோயிலையும் கழகத்தையும் பற்றி எழுதிய நம் எழுதுகோல் பட்டறையின் வாயிலிலும் சற்று நிற்கட்டும். எந்திரத்தின் தாகம் தீர்த்தவர்களை மறந்துவிட்டு எழுதும் நகர வரலாறு முழுமை பெறாது.